கொலோனோஸ்கோபிக்கு முன் குடல் சுத்தம்: எந்த மருந்து, எவ்வளவு, எப்போது?

ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்ப்பதுதான் கொலோனோஸ்கோபி. அதற்கு முன் குடலைக் கழுவ ஒருவருக்கு 4 லிட்டர் மருந்துக் கரைசல். அதே பரிசோதனைக்கு வேறொருவருக்கு இரண்டே பொட்டலம் தூள். மூன்றாமவர் கையில் 24 மாத்திரைகள். மூவருக்கும் செய்யப்போவது ஒரே கொலோனோஸ்கோபிதான். தன் சீட்டை அடுத்தவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. லேசான மருந்து இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு? கொஞ்சம் குறைத்துக் குடித்தால் ஆகாதா?

இந்த மருந்துகள் வெளியே ஒன்றுபோலத் தோன்றினாலும் உடம்புக்குள் வெவ்வேறு விதமாக வேலை செய்கின்றன. அவற்றை ஒப்பிட இரண்டு கேள்விகள் வேண்டும். உங்கள் சிறுநீரகமும் இதயமும் எதைத் தாங்கும் என்பது முதல் கேள்வி. மருந்தின் இரண்டாம் பாதியை எந்த நேரத்தில் குடிக்கிறீர்கள் என்பது அடுத்தது. முதல் கேள்வி பாதுகாப்பைப் பற்றியது. குடல் எவ்வளவு சுத்தமாகும் என்பது பெரும்பாலும் இரண்டாவதைப் பொறுத்தது. பலர் மருந்தின் பெயரைப் பற்றியே கவலைப்பட்டு, நேரத்தில் கோட்டை விடுகிறார்கள்.

பட்டினி கிடந்தால் போதாதா?

போதாது. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். நாம் எதுவும் சாப்பிடாவிட்டாலும் செரிமான நீர், பித்தம், சளி எல்லாம் சுரந்துகொண்டேதான் இருக்கும். சாதாரண நாளில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் திரவம் சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குள் வந்து சேர்கிறது. அது முதலில் விழும் இடம் வலப்பக்கம். சீகம் என்கிற பையும் அதை ஒட்டி மேலேறும் பகுதியும். சரியாகச் சுத்தமாகாமல் போகும் இடமும் பெரும்பாலும் அதுவே.

வலப்பக்கம் அழுக்காக இருந்தால் என்ன நட்டம்? குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிதான் பாலிப். காம்போடு தொங்கும் பாலிப்பைக் கொஞ்சம் கலங்கலிலும் கண்டுபிடித்துவிடலாம். தட்டையாகப் படர்ந்து, மேலே சளி மூடிய செரேட்டட் வகை வளர்ச்சிகள் அப்படியல்ல. இவை வலப்பக்கத்தில்தான் அதிகம். சுற்றியுள்ள சவ்வின் நிறத்திலேயே இருப்பதால் மெல்லிய மலப்படலம் ஒன்று போதும், கண்ணுக்குத் தப்பிவிடும். பாலிப் புற்றாக மாறுவதற்கு முன்பே அதை எடுத்துவிடுவதுதான் இந்தப் பரிசோதனையின் பெரிய பயன். பார்க்க முடியாத குடலில் செய்த பரிசோதனை "ஒன்றுமில்லை" என்ற பொய்யான நிம்மதியைத் தந்துவிடும். ஒழுங்காகக் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவது இதனால்தான்.

சுத்தத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது 2009இல் வெளியான பாஸ்டன் அளவுகோல். பெருங்குடலை வலது, குறுக்கு, இடது என மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருவார்கள், மொத்தம் 9. மூன்று பகுதியிலும் தனித்தனியே 2 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் போதுமான சுத்தம். இடதில் 3, குறுக்கில் 3, வலதில் 1 என்றால் கூட்டுத்தொகை 7 வரும். ஆனாலும் அது தோல்விதான். உங்கள் அறிக்கையில் இந்த எண்கள் இருந்தால் கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள், மூன்றில் எது குறைவு என்று பாருங்கள்.

மருந்துகள் வேலை செய்யும் மூன்று வழிகள்

1. அலசிச் செல்வது. குடித்த திரவம் உடம்பில் சேராமல், உடம்பிலிருந்து எதையும் இழுக்காமல், வாயில் போனது போலவே குடல் முழுவதையும் கழுவிக்கொண்டு வெளியேறும்.
2. நீரை இழுப்பது. குடலால் எளிதில் உறிஞ்ச முடியாத உப்பு உள்ளே போகும். அதைச் சமன்செய்ய உடம்பின் நீர் குடலுக்குள் இறங்கும். குடிக்கும் அளவு குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். மீதித் தண்ணீரை உங்கள் உடம்பு தருகிறது.
3. குடலைத் தூண்டுவது. குடல் தசையைச் சுருங்கவைத்து உள்ளிருப்பதைத் தள்ளச் செய்வது.

அளவு குறைந்த மருந்து என்றால் லேசான மருந்து என்று நினைப்பது தவறு. வாய்க்கு லேசானது பெரும்பாலும் சிறுநீரகத்துக்குக் கனமானது.

பெக் கரைசல்: அதிகம் குடிக்க வேண்டும், அதிகம் நம்பலாம்

பாலிஎத்திலீன் கிளைகால் 3350 என்பதன் சுருக்கம்தான் பெக். 3350 என்பது அதன் மூலக்கூறு எடை. இவ்வளவு பெரிய மூலக்கூறைக் குடல் உறிஞ்சுவதில்லை. சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் உப்புகளைச் சேர்த்து, இரத்தத்தின் அடர்த்திக்கு இணையாக இந்தக் கரைசலைத் தயாரிக்கிறார்கள். அடர்த்தி சமமாக இருப்பதால் நீர் உள்ளேயும் போவதில்லை, வெளியேயும் வருவதில்லை. 1980இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட இந்தக் கருத்து இன்றும் அடித்தளமாக நிற்கிறது. சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கத்தால் வயிற்றில் நீர் கோத்தல் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் நினைப்பது இதைத்தான்.

குறை ஒன்றே ஒன்று. ஆனால் அது பெரிய குறை. 4 லிட்டர் குடிக்க வேண்டும். உப்புச் சுவை, அதிலும் சல்ஃபேட் சேர்ந்த வகையில் முட்டை அழுகியது போன்ற வாடை. பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். நிறுத்திவிட்டால் எவ்வளவு பாதுகாப்பான மருந்தானாலும் பயனில்லை.

இதற்குத் தீர்வாக வந்தது 2 லிட்டர் வகை. இதில் பெக்குடன் வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், பெரிய அளவில் சேர்க்கப்படுகிறது. உடம்பு ஓரளவுக்கு மேல் அதை உறிஞ்சாது. மிச்சம் குடலில் தங்கி நீரை இழுக்கும். பெக்கின் பாதி வேலையை இப்படி வைட்டமின் பார்க்கிறது. இதையும் சுருக்கி 1 லிட்டராக்கிய வகையும் 2018 முதல் இருக்கிறது. அளவு குறையக் குறைய அடர்த்தி கூடும் என்பதால், இந்த இரண்டிலும் மருந்தோடு கூடுதலாகத் தெளிந்த நீராகாரம் (மறுபக்கம் தெரியும்படி தெளிவான பானங்கள்) குடிப்பதும் மருந்தின் ஒரு பகுதியே. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இவ்வளவு வைட்டமின் சி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். முன்கூட்டியே சொல்ல வேண்டும். இனிப்புக்காக அஸ்பார்டேம் சேர்த்த தயாரிப்புகள் ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

மலச்சிக்கலுக்கு விற்கும் வெறும் பெக் தூளை விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானத்தில் கரைத்துத் தருவதும் உண்டு. வழக்கமாக 238 கிராம் தூள், சுமார் 1.9 லிட்டர் பானம். குடிக்க எளிது. ஆனால் இது உப்பு சமன்செய்த கரைசல் அல்ல. அந்தப் பானங்களில் சோடியம் குறைவு. முதியவர்களிடத்தில் இரத்த சோடியம் இறங்கும் அபாயம் இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் தானாகத் தயாரித்துக்கொள்ளும் விஷயமல்ல இது.

பிகோசல்ஃபேட் பொட்டலம்

ஒரு பொட்டலத்தில் 10 மி.கி. சோடியம் பிகோசல்ஃபேட், 3.5 கிராம் மக்னீசியம் ஆக்சைடு, 12 கிராம் சிட்ரிக் அமிலம். பிகோசல்ஃபேட் விழுங்கியவுடன் வேலை செய்யாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகே தூண்டும் பொருளாக மாறும். மற்ற இரண்டும் தண்ணீரில் சேர்ந்து மக்னீசியம் சிட்ரேட் ஆகி நீரை இழுக்கின்றன. இந்தச் சேர்க்கையில் சூடு கிளம்பும். சுமார் 150 மி.லி. தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, சூடு ஆறிய பின்பே குடிக்க வேண்டும். தூளை நேராக வாயில் போட்டால் தொண்டையும் உணவுக்குழலும் வெந்துபோகலாம்.

சுவையில் இது பலருக்கு எளிதானது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதாக இருந்தால் மக்னீசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும். ஒவ்வொரு பொட்டலத்துக்குப் பிறகும் பல கோப்பை நீராகாரம் குடிக்கச் சொல்வார்கள். அதை முழுக்க வெறும் தண்ணீராகவே குடித்தால் உப்பு வெளியேறிக்கொண்டிருக்கும் உடம்பில் சோடியம் இறங்கும். தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். வடிகட்டிய சூப், உப்புகள் சேர்ந்த பானம் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் குடிப்பது நல்லது.

சல்ஃபேட் கரைசலும் மாத்திரையும்

சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றின் சல்ஃபேட் உப்புகள் சேர்ந்த அடர்கரைசல் இது. ஒரு வேளைக்கு ஒரு சிறு புட்டி, சுமார் 180 மி.லி. அதைச் சுமார் 480 மி.லி. ஆகும்படி தண்ணீர் விட்டுக் குடித்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். இப்படி இரண்டு வேளை. அடர்கரைசலை நீர் சேர்க்காமல் அப்படியே குடிப்பது ஆபத்தான தவறு.

இதே கருத்தின் மாத்திரை வடிவத்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் அனுமதித்தது. 12 மாத்திரை வீதம் இரு வேளை. மாத்திரை என்றதும் தண்ணீர் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்தே ஆக வேண்டும். சுவை பிடிக்காமல் வாந்தி எடுப்பவர்களுக்கு இது நல்ல வழி. பெரிய மாத்திரையை விழுங்கத் திணறுபவர்களுக்கு அல்ல.

பிசாகோடில்: தனி மருந்தல்ல, துணை மருந்து

மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு முதல் நாள் 5 முதல் 15 மி.கி. வரை துணையாகத் தரப்படுகிறது. குடலில் போய்க் கரையும்படி மேலே உறையிட்ட மாத்திரை இது. பாலோடும் அமில முறிவு மருந்தோடும் சேர்த்தால் உறை வயிற்றிலேயே கரைந்து வயிற்றுவலி தரும். அளவு கூடும்போது குடலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து அழற்சி ஏற்பட்டதாகப் பதிவுகள் உண்டு. சரியாகப் போகவில்லையே என்று தானாக இன்னும் இரண்டு விழுங்கக் கூடாது.

கைவிடப்பட்ட இரண்டு

சோடியம் பாஸ்ஃபேட் ஒரு காலத்தில் மிகவும் விரும்பப்பட்டது; அளவு குறைவு, சுத்தம் நன்று. பிறகுதான் அதன் விலை தெரிந்தது. சிறுநீரக நுண்குழாய்களில் கால்சியம் பாஸ்ஃபேட் படிந்து, சிலருக்குச் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டது. 2008 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குடல் சுத்தத்துக்கான பாஸ்ஃபேட் மாத்திரைகளுக்குக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் வழக்கமான பயன்பாட்டுக்கு இதை ஏற்பதில்லை. வீட்டில் பழைய புட்டி இருந்தால் எடுக்காதீர்கள்.

மானிட்டால் வேறுவகைச் சிக்கல். இந்தச் சர்க்கரையைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். பாலிப்பை மின்சூட்டால் வெட்டும்போது பொறி பட்டால் வெடிக்கும். அப்படி நேர்ந்த ஒரு மரணம் 1979இல் மருத்துவ இதழில் பதிவானது. பெக் கரைசலில் தானாகச் சர்க்கரை கலக்கக் கூடாது என்பதற்கும் இந்த நொதித்தல் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: இரண்டாம் பாதி

முழு மருந்தையும் முந்தைய மாலையே குடித்துவிட்டால் இரவு 10 மணிக்குக் குடல் பளிச்சென்று இருக்கும். ஆனால் பார்க்கப்போவது மறுநாள் காலை. இடையே உள்ள பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் சிறுகுடல் சும்மா இருப்பதில்லை. பித்தம் கலந்த ஒட்டும் திரவம் சிறிது சிறிதாக வலப்பக்கத்தில் இறங்கிப் பசைபோல் காய்கிறது. மாலையில் எத்தனை லிட்டர் குடித்தாலும் இதைத் தடுக்க முடியாது.

ஆகவேதான் பிரித்துக் குடிக்கும் முறை. பாதி முந்தைய மாலை. மீதிப் பாதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன்பு முடித்துவிட வேண்டும். அமெரிக்கக் குடல்நோய்ச் சங்கங்களின் கூட்டு வழிகாட்டுதல் 2014இல் சொன்ன கணக்கு இது. 2019இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் 5 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறது. முடிக்கும் கெடு அதே 2 மணி நேரம்.

கடிகாரத்தில் வைத்துப் பார்ப்போம்:

1. பரிசோதனை காலை 10 மணிக்கு என்றால், அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடிக்கலாம். 8 மணி கடைசி எல்லை.
2. காலை 8 மணிக்கு என்றால், 3 மணிக்கு எழ வேண்டும். கசப்பானதுதான். ஆனாலும் அந்தத் தூக்கத்தை இழப்பதற்குப் பலன் உண்டு.
3. பிற்பகல் என்றால், முழு மருந்தையும் அன்று காலையிலேயே குடிக்கும் முறையும் ஏற்றது. இரவுத் தூக்கம் கெடாது.

பயணத்தின்போது வழியில் அவசரம் வருமோ என்று அஞ்சிப் பலர் இரண்டாம் பாதியைத் தாங்களாகவே இரவுக்கு மாற்றிவிடுகிறார்கள். குடித்து முடித்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும். தொலைவு அதிகமென்றால் நேரத்தை மாற்றாமல், பிற்பகல் பரிசோதனை கேளுங்கள். இன்னொரு பயம் மயக்க மருந்தின்போது வயிற்றில் திரவம் இருக்குமே என்பது. 2 மணி நேரம் முன்பே முடித்தவர்களின் வயிற்றில் எஞ்சும் திரவம், முந்தைய இரவே முடித்தவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகமாக இருப்பதில்லை. வயிறு மெதுவாகக் காலியாகும் நோய் உள்ளவர்களுக்கும், எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ ஜிஎல்பி-1 ஊசி போடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறலாம். அதை மயக்க மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் நாள் உணவு

மூன்று நாள் பட்டினி தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு முதல் நாள் மட்டும் நார் குறைந்த உணவு போதும்: வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, முட்டை, மீன். விதை, தோல், கீரை, முழுத்தானியம், பருப்பு, கொட்டை வகைகள் வேண்டாம். தக்காளி, கொய்யா போன்றவற்றின் விதைகள் கருவியின் உறிஞ்சு குழாயை அடைத்துவிடும். அடைத்தால் எஞ்சிய மலத்தை உறிஞ்சவும் வழியில்லை. மருந்து தொடங்கியபின் தெளிந்த நீராகாரம் மட்டும். தெளிந்தது என்றால் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி மறுபக்கம் பார்க்க முடிய வேண்டும். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் இரத்தம் போலத் தோன்றும், தவிர்க்க வேண்டும்.

முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டிய மருந்துகள்

இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருப்பாக, பிசினாக மாற்றும். வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலினும் சர்க்கரை மாத்திரைகளும் வெறும் வயிற்றில் சர்க்கரையை அதிகம் இறக்கும். அவற்றில் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை தனி எச்சரிக்கைக்கு உரியது. சாப்பாடு இல்லாத நிலையில் இது இரத்தத்தில் கீட்டோன் அமிலத்தைச் சேர்த்துவிடும். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் எளிதில் பிடிபடாது. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, நீர் பிரியும் மாத்திரைகள், வலி நிவாரணிகள் ஆகியவை நீரிழந்த உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தானாக நிறுத்துவது பக்கவாதத்தில் முடியலாம். அந்த முடிவு மருத்துவருடையது மட்டும். எந்த மாத்திரையானாலும் குடல் மருந்து தொடங்கும் ஒரு மணி நேரத்துக்குள் விழுங்கினால் உறிஞ்சப்படாமலே அடித்துச் செல்லப்படலாம். கருத்தடை மாத்திரைக்கும் இது பொருந்தும்.

குடல் அடைப்பு இருக்கலாம் என்ற ஐயம் (வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியோடு) இருந்தால் இவற்றில் எதையும் குடிக்கக் கூடாது. குடல் அழற்சி நோயைக் கண்டறியச் செய்யும் பரிசோதனையானால் பெக் பொருத்தமானது. பாஸ்ஃபேட்டும் பிகோசல்ஃபேட்டும் குடல் சவ்வில் சிறு புண்களை உண்டாக்கலாம். அவை நோயா மருந்தின் தடமா என்று தெரியாமல் போகும்.

குடிக்கும்போது தடுமாறும் இடங்கள்

பெக் கரைசலை முன்கூட்டியே கலக்கிக் குளிரூட்டி வையுங்கள். குளிர்ச்சியில் உப்புச் சுவை மட்டுப்படும். உறிஞ்சு குழலை நாக்கின் பின்பக்கம் வைத்துக் குடித்தால் சுவை இன்னும் குறையும். 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 240 மி.லி. கோப்பை ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருப்பதைவிடக் கோப்பையை ஒரே மூச்சில் முடிப்பது பலருக்கு எளிது. குமட்டினாலோ வயிறு உப்பினாலோ அரை மணி நேரம் நிறுத்தி, சற்று நடந்துவிட்டு, மெதுவான வேகத்தில் தொடருங்கள். நுரையைக் குறைக்கும் சிமெத்திகோன் சேர்ப்பதை ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. குமிழிகளும் பார்வையை மறைப்பவைதான். ஆசனவாய்த் தோலில் தொடக்கத்திலேயே வாசலின் தடவுங்கள். எரிச்சல் வந்த பின்பு தடவுவதில் பாதிப் பலன்தான்.

முதல் போக்கு பெக்கில் ஒரு மணி நேரத்தில் வரலாம், பிகோசல்ஃபேட்டில் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். தாமதமானால் பதறி அளவைக் கூட்ட வேண்டாம். தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, மயக்கம், மனக்குழப்பம், இரத்தப்போக்கு இருந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனையை அழையுங்கள்.

போதுமான அளவு சுத்தமாகிவிட்டதா?

எத்தனை முறை போயிற்று என்பது கணக்கல்ல. கடைசியாகப் போனதன் நிறமே கணக்கு. சிறுநீர்போல இளமஞ்சளாக, அடி தெரியும்படி இருந்தால் போதும். பழுப்பாக, கலங்கலாக, துணுக்குகளோடு இருந்தால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தொலைபேசியில் சொல்லுங்கள். கூடுதல் அளவு குடிக்கச் சொல்லலாம், அல்லது நேரத்தைத் தள்ளிவைக்கலாம். அங்கே போய்ச் சொல்வதற்கும் முன்பே சொல்வதற்கும் உள்ள வித்தியாசம், அந்த நாள் வீணாகாமல் இருப்பது.

குடல் சரியாகச் சுத்தமாகாததால் பரிசோதனை தோற்றால், வழக்கமாக ஓர் ஆண்டுக்குள் மறுபடி செய்யப் பரிந்துரைக்கிறார்கள். அப்போது அதே மருந்தை அதே முறையில் குடித்துவிட்டு வேறு முடிவை எதிர்பார்க்க முடியாது. நாள்பட்ட மலச்சிக்கல், சர்க்கரை நோய், பார்க்கின்சன், பக்கவாதம், ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற) வலி மருந்து ஆகியவை உள்ளவர்களுக்குக் குடல் அசைவே மந்தமாக இருக்கும். இவர்களுக்கு 4 லிட்டர் பெக், கூடவே பிசாகோடில், நார் குறைந்த உணவு இரண்டு மூன்று நாள் என்று திட்டத்தையே மாற்றுவார்கள். ஆனால் முதலில் ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும்: சென்றமுறை இரண்டாம் பாதியை எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், முழுவதும் குடித்தீர்களா? பாதியில் விட்டதை மறைத்தால் மருத்துவர் மருந்துதான் போதவில்லை என்று எண்ணி, அதைவிட வலுவானதை எழுதிக்கொடுக்க நேரும்.